ஆச்சி பெட்டியில் கிடந்த காசு: நகைக்கடையா, காசு வியாபாரியா, ஏலமா, நேரடி விற்பனையா?

பழைய வீட்டை இடிக்கும்போதோ சொத்துப் பிரிக்கும்போதோ இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஆச்சியின் தகரப்பெட்டியில் ஒரு துணிப்பை, அதற்குள் விக்டோரியா ராணி காசு, ராஜா தலை போட்ட காசு, ஓட்டைக் காலணா, என்னவென்றே தெரியாத செம்புக்காசு கொஞ்சம். திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கம் நகைக்கடையில் கேட்டால் ஒரு விலை, பழைய காசு வியாபாரியிடம் கேட்டால் வேறு விலை, யூடியூபில் பார்த்தால் லட்சத்துக்குக் குறைந்து யாரும் பேசுவதே இல்லை. யாரை நம்புவது, எங்கே கொடுப்பது என்று அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பையை அப்படியே ஒரே இடத்தில் கவிழ்த்துக் கொடுப்பதில்தான் பெரிய நஷ்டம். ஒவ்வொரு வகைக் காசுக்கும் சரியான இடம் வேறு. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் காசு வியாபாரி எப்படி விலை போடுகிறார் என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

சொல்லப்படும் விலையைப் பார்க்காதீர்கள், கழிவு, கமிஷன், தபால் செலவு எல்லாம் போக கைக்கு வருவது எவ்வளவு என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பணம் எப்போது வரும்: இன்றைக்கா, ஆறு மாதம் கழித்தா? மூன்றாவது, எல்லாக் காசையும் எடுத்துக்கொள்வார்களா, நல்லதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை உங்கள் தலையிலேயே கட்டுவார்களா? நான்காவது, உங்கள் நேரமும் அலைச்சலும். கடைசியாக, அரிய காசு ஒன்று அடையாளம் தெரியாமல் கைவிட்டுப் போவதற்கு எந்த இடத்தில் வாய்ப்பு அதிகம்? பலரும் யோசிக்காமல் விடுவது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

## கடைக்குப் போகுமுன் ஒரு கணக்கு

எந்த வெள்ளிக்காசுக்கும் அடிமட்டமாக உருக்கு விலை ஒன்று உண்டு, அதாவது காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை. பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நம் ஊர் வைத்தியர்கள் மருந்துச் சரக்கு நிறுக்க "ரூபா எடை" என்று சொல்வது இதைத்தான். 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயில் 91.7 சதவீதம் வெள்ளி, ஆக ஒரு காசில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 10.69 கிராம். உலகப் போர் நேரத்தில், 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947இல் வந்த புலி போட்ட ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும்.

கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (அன்றன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்). விக்டோரியா ரூபாயின் உருக்கு விலை 1,069, 1942ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாயின் உருக்கு விலை 583. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை. வருஷத்தைப் பார்க்காமல் மொத்தமாக நிறுத்தால் யாராவது ஒருவருக்கு நஷ்டம், பெரும்பாலும் அது விற்கிறவருக்குத்தான்.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன மின் தராசும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். வருஷவாரியாகப் பிரித்து, எடை போட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள். புளி, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். கறுத்துப்போன காசைப் பளபளவென்று ஆக்கினால் விலை ஏறும் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் சேகரிப்பவர் கண்ணுக்கு அந்த மெல்லிய கீறல்கள் உடனே தெரிந்துவிடும், நல்ல காசு ஒன்று அந்த நிமிடமே உருக்கு விலைக் காசாகிவிடும்.

## நகைக்கடை

போன உடனே காசு. அலைச்சல் இல்லை. தேய்ந்து முகம் தெரியாத காசு, ஓட்டை போட்ட காசு, காசுமாலைக்காகக் காது வைத்துப் பற்றவைத்த காசு, இவற்றுக்கு நகைக்கடைதான் சரியான இடம். காதைப் பிடுங்கி எடுத்தாலும் ஒளிக்க முடியாது. ராஜா கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் விரலை ஓட்டினால் பற்றவைத்த பொட்டு தட்டுப்படும், அந்த இடம் மட்டும் நிறம் மாறி இருக்கும். சேகரிப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு கழிவில் இருக்கிறது. பழைய வெள்ளி என்று எடுக்கும்போது தரம் குறைத்துப் போட்டு, அதற்கு மேல் உருக்குச் சேதாரம் என்று கொஞ்சம் கழிப்பார்கள். அது அவர் தொழில், அதில் தப்பில்லை, ஆனால் எத்தனை சதவீதம் கழிக்கிறார் என்று நிறுக்கும் முன்னே கேட்டுவிட வேண்டும். பாதி வெள்ளிக் காசைச் சிலர் எடுக்கவே மாட்டார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, அவர் காசைப் பார்ப்பதில்லை, எடையைத்தான் பார்க்கிறார். 1911ஆம் வருஷத்து ஜார்ஜ் ரூபாய் ஒன்று பையில் கிடந்தாலும் அதுவும் உருக்குக்குத்தான் போகும். ராஜாவின் மேலங்கியில் தொங்கும் பதக்கத்தில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றிபோல் இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து உருக்கிவிட்டார்கள். அதனால்தான் தப்பிப் பிழைத்ததற்கு இன்றைக்கும் மவுசு.

## காசு வியாபாரி

வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் நிறைய. "இணையத்தில் 3,000 போட்டிருக்கிறான், இவர் 1,500 என்கிறாரே" என்று. அவர் விலையைப் பின்னாலிருந்து போட்டு வருகிறார். முதலில் இதை யாரிடம், எவ்வளவு நாளில், என்ன விலைக்கு விற்க முடியும் என்று மனதில் ஒரு கணக்கு. அதிலிருந்து வாடிக்கையாளர் பேரம் பேசிக் குறைப்பதற்கு ஒரு தொகை, கண்காட்சியில் மேஜை வாடகை, போக்குவரத்து, தங்கும் செலவு, பணம் முடங்கிக் கிடப்பதற்கு ஒரு தொகை, போலியாக இருந்துவிட்டால் என்று ஒரு தொகை, கடைசியாகத் தன் லாபம். இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்களுக்குச் சொல்லும் விலை.

ஆனால் எல்லாக் காசுக்கும் அவர் ஒரே விகிதத்தில் கழிப்பதில்லை. எங்கே விற்பது என்ற முடிவே இதில்தான் இருக்கிறது.

சாதாரண வெள்ளி ரூபாய், அதாவது எட்வர்டோ ஜார்ஜோ புழக்கத்தில் தேய்ந்தது என்றால் உருக்கு விலையை ஒட்டியே எடுப்பார், அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து விற்பார். சீக்கிரம் கைமாறும் சரக்கு, அதனால் வித்தியாசம் குறைவு. இங்கே நகைக்கடையைவிட ஓரளவு கூடக் கிடைக்கும், காரணம் அவர் உருக்கப் போவதில்லை, சேதாரம் கழிக்க வேண்டிய அவசியம் இல்லை.

மலிவுக் காசில் கழிவு பயங்கரமாக இருக்கும். 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் அடித்தது, எல்லா வீட்டிலும் இருக்கிறது. அவர் மேஜையில் ஒன்று இத்தனை ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நம்மிடம் இருக்கும் இருநூறை அதே விலையால் பெருக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் பார்த்து, அட்டையில் வைத்து, பின் அடித்து, எழுதி, ஒருவர் வந்து வாங்கும்வரை சுமந்துகொண்டு திரிகிறாரே, அந்த வேலைக்குத்தான் அந்த விலை. உங்களிடம் கிலோ கணக்கில்தான் எடுப்பார், எடுத்தால். கடற்கரை ஊர்களில் கிடைக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வி.ஓ.சி. முத்திரை (கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம்) போட்ட செம்புக்காசும் ஏறத்தாழ இதே கதைதான். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் அவர்கள், காசில் 1700களின் வருஷம் இருக்கும், 'முன்னூறு வருஷத்துக் காசு, லட்சம் போகும்' என்று மனசு துடிக்கும். பழமைக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், என்ன நிலையில் இருக்கிறது, விலையை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

நடுத்தரக் காசுகளில்தான் பேச்சுக்கு இடம் உண்டு. நல்ல நிலையில் உள்ள விக்டோரியா ரூபாய், திருவிதாங்கூர் வெள்ளி, அதிகம் கிடைக்காத வருஷங்கள். இவற்றில் விற்கும் விலையில் பாதியிலிருந்து முக்கால்வரை கொடுத்தால் நியாயமான வியாபாரி என்றே சொல்வேன். மிக அரிய காசு கையில் வந்தால் கழிவு இன்னும் குறையும், ஏனென்றால் அதைக் கேட்டு வைத்திருக்கும் ஆள் ஏற்கெனவே இருப்பார். பார்த்துவிட்டு "ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் புரிந்துகொள்ளலாம்.

நிலை என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரே வருஷம், ஒரே காசு, தேய்ந்திருந்தால் உருக்கு விலை, நாணயச்சாலையிலிருந்து வந்த மேனிக்கு இருந்தால் பல மடங்கு. இடைப்பட்டதெல்லாம் அவரவர் கண். வாங்கும்போது அதே கண் தேய்மானத்தைப் பார்க்கும், விற்கும்போது மினுமினுப்பைப் பார்க்கும். அதனால் விலை கேட்கும் முன் நிலையைக் கேளுங்கள்: இதை என்ன தரத்தில் வைக்கிறீர்கள்? அப்புறம் அவர் மேஜையிலேயே அதே தரம் என்று எழுதி வைத்திருக்கும் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அட்டை உறையின் மூலையில் சில சமயம் இரண்டு மூன்று எழுத்து பொடியாக எழுதியிருக்கும். அது பெரும்பாலும் அவர் வாங்கிய விலை, பத்து எழுத்துக்குப் பத்து எண் என்று ரகசியக் கணக்கு. பேரத்தில் எந்த அளவுக்கு இறங்கலாம் என்று அவருக்கு ஞாபகப்படுத்த. வெள்ளி விலை ஏறிய அன்றே பழைய சரக்கின் விலையும் ஏறும், ஏனென்றால் அதை விற்ற பணத்தில் மறுபடி ஒன்று வாங்க வேண்டுமே. இறங்கும்போது அவ்வளவு வேகமாக இறங்காது. நீங்கள் விற்கப் போகிறவர் என்றால், வெள்ளி ஏறியிருக்கும் நேரத்தில் போய் அன்றைய விலையைக் காட்டிப் பேசுவது நல்லது.

மொத்தமாகப் பேசுவதில்தான் கவனம் வேண்டும். மண்டியில் வாழைத்தாரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் குவியலுக்கு ஒரே விலை சொல்வதுபோல, பை முழுவதையும் பார்த்து ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகைக்குள் இரண்டே காசு மொத்த விலையையும் சுமந்துகொண்டிருக்கலாம். அவர் கை எந்தக் காசுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று பாருங்கள். அப்புறம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணாச்சி, இதே காச நான் ஒங்ககிட்ட வாங்க வந்தா என்ன வெல சொல்லுவிய?" நேர்மையான வியாபாரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார், தன் செலவையும் சேர்த்தே சொல்வார். மழுப்பினால் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். இரண்டு வியாபாரியிடமாவது காட்டாமல் கொடுக்காதீர்கள், காசைக் கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள்.

எப்போது இவர் நல்ல தேர்வு? காசு கலவையாக இருக்கிறது, ஒன்றிரண்டு நல்லது, மிச்சம் சாதாரணம், ஒரே நாளில் முடிய வேண்டும், அலைய ஆள் இல்லை. வயதானவர்களுக்கும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

## ஏலம்

மும்பை, பெங்களூரு, அகமதாபாத் ஊர்களில் நாணய ஏல நிறுவனங்கள் இருக்கின்றன. போட்டோ அனுப்பினால் எடுப்பார்களா என்று சொல்வார்கள். இங்கே விலையை வியாபாரி தீர்மானிப்பதில்லை, கேட்பவர் இருவர் போட்டி போட்டால் ஏறும். நிஜமாகவே அரிதான காசுக்கு இதற்கு இணையான இடம் இல்லை. நீங்கள் விற்காவிட்டாலும் பழைய ஏலங்களில் எது என்ன விலைக்குப் போனது என்று அவர்கள் தளங்களிலேயே பார்க்கலாம். வியாபாரிகளும் விலை போட இதைத்தான் புரட்டுகிறார்கள். ஒருவர் விற்பனைக்கு என்று கேட்டு வைத்திருக்கும் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

செலவு: விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் தனியாக ஒரு கட்டணம். வாங்குபவர் கட்டணத்தை நாம் கொடுக்கவில்லை என்று நினைக்கக் கூடாது, அதைக் கழித்துக்கொண்டுதான் அவர் ஏலம் கேட்கிறார். ஏலத் தேதிக்குக் காத்திருக்க வேண்டும், பணம் வர இன்னும் கொஞ்ச நாள், விலை போகாவிட்டால் காசு திரும்பி வரும். சாதாரணக் காசை எடுக்கவே மாட்டார்கள்.

1939ஆம் வருஷத்து ரூபாய் கையில் இருந்தால் நேராக ஏலத்துக்குப் போங்கள் என்பேன். அதற்கு முன் ஒன்று: அது அரிது என்று எல்லோருக்கும் தெரியும், அதனாலேயே போலி நிறைய. 1938இல் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியதும் உண்டு. அந்த 9ஐப் பூதக்கண்ணாடியில் வைத்து மற்ற எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எடை 11.66க்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற அமெரிக்க நிறுவனங்களிடம் அனுப்பி 70க்கு இத்தனை என்று தரம் போட்டுப் பெட்டியில் அடைத்து வாங்கலாம், ஆனால் அதற்கும் செலவு உண்டு, 2,000 ரூபாய்க்கு விலைபோகும் காசுக்கு அதைச் செய்வது வீண்.

## நேரடியாகச் சேகரிப்பவரிடம்

வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்கள், நாணயக் கண்காட்சிகள். வியாபாரியின் லாபம் உங்களுக்கே வரும் என்பதுதான் கவர்ச்சி. ஆனால் வியாபாரி செய்யும் வேலை முழுவதும் உங்கள் தலையில்: போட்டோ, எடை, பதில் சொல்வது, தபால், "படத்தில் வேற மாதிரி இருந்துச்சு" என்று திருப்பி அனுப்புபவர். பொழுதும் ஆர்வமும் உள்ளவருக்கு நல்ல வழி.

திருவிதாங்கூர்க் காசுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். செங்கோட்டை 1956 நவம்பர் 1இல்தான் நம்மோடு சேர்ந்தது, அதற்கு முன் திருவிதாங்கூர், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் செங்கோட்டை, தென்காசி வீடுகளில் சங்கு போட்ட சக்கரமும் பணமும் காசும் இன்னும் கிடைக்கின்றன. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பொடிப்பொடியான பழைய வெள்ளிச் சக்கரங்களை எண்ணக் குழி குழியாகச் செதுக்கிய சக்கரப் பலகை சில வீட்டில் பரணில் கிடக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காசைவிட அதற்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இதற்குத் தனிப் பிரியம். இங்கே மேஜையில் தூங்கும் காசு அங்கே கைமாறும்.

மோசடி இந்த வழியில்தான் அதிகம். "உங்கள் 5 ரூபாய் வைஷ்ணவ தேவி காசை 10 லட்சத்துக்கு எடுக்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வரும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது: பழைய காசு வாங்கும் விற்கும் வேலை தங்களுக்கு இல்லை, கட்டணமோ கமிஷனோ தாங்கள் கேட்பதில்லை என்று. வாங்குகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் அது மோசடி, அவ்வளவுதான். அதேபோல அனுமார், ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. பூஜையறையில் வைத்துக் கும்பிடலாம், விலைக்கு ஆகாது.

## எந்தக் காசை எங்கே கொடுப்பேன்

| காசு | எங்கே | கவனம் |
|---|---|---|
| காது வைத்தது, ஓட்டை போட்டது, முகம் தேய்ந்த வெள்ளி | நகைக்கடை | கழிவு சதவீதத்தை முதலில் கேட்கவும் |
| சாதாரண வெள்ளி ரூபாய், அரை, கால் | வியாபாரி | 1939 வரை, 1940 முதல் என்று தனித்தனியாக |
| ஓட்டைக் காலணா, வி.ஓ.சி. செம்பு, நயா பைசா | பேரப்பிள்ளைகளுக்கு, அல்லது வியாபாரிக்கு மொத்தமாக | தனித்தனியாக விற்க உழைப்பு கட்டாது |
| திருவிதாங்கூர் | சேகரிப்பவர் | கேரளக் குழுக்களிலும் கேட்டுப் பார்க்கவும் |
| 1911, 1939 ரூபாய், தேயாத பழைய வெள்ளி | ஏலம் | முதலில் அசலா என்று உறுதி |

## சட்டமும் பங்கும்

வீட்டில் பரம்பரையாக இருந்த காசுக்கும் மண்ணில் கிடைத்த காசுக்கும் சட்டம் வேறு. கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ பானையில் காசு கிடைத்தால், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்புக்கு மேல் எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதேபோல நூறு வருஷம் கடந்த காசு 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் நல்ல விலைக்கு ஆள் பார்த்துவிட்டேன் என்றாலும் அனுப்பக் கூடாது.

பங்கு பிரிக்கும் வீட்டில் ஒரு தகராறு எப்போதும் வருகிறது. அண்ணன் தம்பி அக்கா எல்லோரும் விற்கலாம் என்கிறார்கள், ஒருவர் மட்டும் "ஆச்சி ஞாபகமா இந்த நாலு காசு எனக்கு வேணும்" என்கிறார், அதற்கு என்ன விலை கழிப்பது? இணையத்தில் பார்த்த விலையை அவர் தலையில் கட்டுகிறார்கள், அது நியாயமில்லை. வியாபாரி அந்த நாலு காசை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார் என்று கேளுங்கள். விற்றிருந்தால் குடும்பத்துக்கு வந்திருக்கும் தொகை அதுதான், அதை மட்டும் அவர் பங்கில் கழித்தால் போதும்.